ஒரு பக்கச் சிறகு

சலூன்காரரின் தலை நைட்டியின் கழுத்துக்குள் சிக்கிக்கொண்டது. ஒரு கை வெளியே வந்துவிட்டது. இன்னொன்று போகும் வழி தெரியாமல் துணிக்குள்ளேயே தடவிக்கொண்டிருந்தது. அவர் மனைவி குள்ளம், இவர் நெட்டை. அவளுக்குப் பாதத்தில் புரண்ட அந்த அரக்குச் சிவப்பு நைட்டி இவருக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. பின்வாசல் கதவைத் திறக்குமுன், எந்த மாடியிலாவது யாராவது துணி காயப்போடுகிறார்களா என்று திருடனைப் போல எட்டிப் பார்த்தார். ஊரையே அழகு பண்ணி அனுப்புகிற மனுஷன் இந்தக் கோலத்தில் நிற்பதை வாடிக்கைக்காரர் எவராவது பார்த்துத் தொலைத்தால், கடையை இழுத்து மூடிவிட்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

வேறு வழியும் இல்லை. பின்பக்கம் இருக்கிற மூன்று கோழிகளுக்கும் அவரைக் கண்டாலே ஆகாது. மேனேஜரம்மா, வாயாடி, சாம்பல். பெயர்கள் எல்லாம் மனைவி வைத்தவை. மேனேஜரம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்க்கிறவள் போல நடப்பாள், அதனால் அந்தப் பெயர். மனைவி ஒரு நாள் காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், மதியம் ஆஸ்பத்திரியில் இல்லாமல் போனாள். அன்றிலிருந்து இவர் தீனிக் கிண்ணத்தோடு கிட்டப் போனால் மூன்றும் ஆளுக்கொரு மூலைக்குச் சிதறும். துக்கத்துக்கு வந்து தங்கிய அக்கா ஒரு நாள் அந்த நைட்டியைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அன்று மதியம் முழுக்க மூன்று கோழிகளும் அதன் கீழேயே நின்றன. காற்றில் துணியின் ஓரம் அசைகிறபோதெல்லாம் கழுத்தை நீட்டி மேலே பார்த்தன. சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்த சலூன்காரர் கையிலிருந்த டம்ளரைக் கழுவித் தீராமல் கழுவிக்கொண்டே இருந்தார்.

"நைட்டிப் பைக்குள்ள ஒரு பிடி நொய்யரிசி இருந்துச்சுடா. கொட்டிட்டேன்" என்றாள் அக்கா. எங்கே என்று கேட்டு, கொட்டிய இடத்துக்குப் போய்ப் பார்த்தார். ஒரு மணிகூட மிச்சமில்லை.

வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்காருவார், எழுந்திருப்பார். ஃபேனைப் போடுவார், அணைப்பார். ஃபிரிட்ஜைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடுவார். கட்டிலை மூன்று சுவருக்கும் மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று, எந்தச் சுவரும் சரிப்படவில்லை. கடையில் கொஞ்சம் பரவாயில்லை, கைக்கு வேலை இருந்தது. இரண்டு வெட்டுக்கு நடுவே கத்திரியைச் சும்மா காற்றில் கிளிக் கிளிக் என்று ஆட்டுவது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். இவருக்கு இப்போது அது நிற்பதே இல்லை. தலை துவட்டும்போதும் ஆடியது, சில்லறை கொடுக்கும்போதும் ஆடியது. "இல்லாத முடியை எதுக்கு மாஸ்டர் வெட்டுறீங்க?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

நைட்டியோடு பின்பக்கம் இறங்கியபோது கோழிகள் ஓடவில்லை. மேனேஜரம்மா தலையைச் சாய்த்து அவரை ஒரு கண்ணாலும், பிறகு மறு கண்ணாலும் பார்த்தாள். முகம் சரியில்லை, துணி சரியாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று யோசிக்கிறவள் போல. பிறகு நடந்து வந்து காலருகே நின்றாள். அவர் குனிந்து தூக்கினார். தூக்கிய பிறகுதான் தெரிந்தது, ஒரு கோழி இத்தனை சூடாக இருக்கும் என்று. இறகுகளுக்கு அடியில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கக்கத்தில் அணைத்துப் பிடித்திருந்த நேரம் முழுக்க அவர் கை ஆடவில்லை. அப்படியே நின்றார். எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிட்டது.

வந்தது சிறகு வெட்ட. பழைய இறகு உதிர்ந்து புது இறகு வளர்ந்ததிலிருந்து மூன்றும் சுவரைத் தாண்டிப் பக்கத்துச் செடிக்கடைக்குள் பறந்தன. சிறகு வெட்டுவது மனைவியின் வேலையாக இருந்தது. இவர் முப்பது வருஷம் கத்திரி பிடித்தவர், இது ஒரு பெரிய காரியமா? கடையின் நல்ல கத்திரியையே கொண்டுவந்திருந்தார். ஓர் இறக்கையை விரித்து ஓரத்தைச் சீராக எடுத்தார், மறு இறக்கையையும் அதே அளவுக்கு எடுத்தார். பிறகு கோழியைத் தூரப் பிடித்து, கிருதா பார்ப்பது போல முன்னாலிருந்து பார்த்தார். இடது பக்கம் நூலளவு நீளமாகப் பட்டது, அதையும் சரிசெய்தார். மூன்றுக்கும் முடித்தபோது, அவள் போனபின் முதல் முறையாக அவருக்குப் பசித்தது.

மறுநாள் காலை மூன்று கோழிகளும் செடிக்கடைக்குள் இருந்தன.

செடிக்கடை அம்மா அவற்றைக் கூடையில் போட்டு எடுத்துவந்தாள். "அண்ணே, உங்க நெலம எனக்குத் தெரியும். உங்க வீட்டம்மா இருந்தவரைக்கும் இதுங்க ஒரு நாளும் இந்தப் பக்கம் வந்ததில்ல. நானும் எத்தனை தடவதான் பொறுத்துக்கறது? நாத்து பூரா கெளறிப் போட்டுடுச்சு. இன்னொரு தடவ வந்துச்சுன்னா திருப்பித் தரமாட்டேன். சொல்லிட்டேன்."

அவள் போனதும் அக்கா ஆரம்பித்தாள். "எதுக்குடா இந்தத் தொல்லை? என் நாத்தனார் ஊர்ல பண்ணை இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் வண்டி அனுப்பச் சொல்லிட்டேன். அங்க நல்லா இருக்கும்."

"பண்ணையில என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க, வளப்பாங்க."

அக்காவுக்குப் பொய் வராது. சின்ன வயதிலிருந்து பொய் சொல்லும்போதெல்லாம் கை காதுக்குப் போய்விடும். இப்போதும் போனது.

"நேத்துதான் வெட்டினேன்க்கா. நல்லாதான் வெட்டினேன்."

"நல்லா வெட்டினா ஏண்டா பறக்குது? எத்தனை நாளைக்குடா அதுங்க பின்னாடியே சுத்துவ? நானும் என் வீட்டுக்குப் போகணும். உன்னை இப்படி விட்டுட்டு எப்படிப் போவேன், சொல்லு?"

பிள்ளை குட்டி இல்லாத வீடு. மனைவி திரும்பி வருவாள் என்று இன்னும் காத்திருக்கிற உயிர்கள் அவரையும் சேர்த்து நான்குதான். அதில் மூன்றை வண்டியில் ஏற்றிவிட்டால் மிச்சம் இவர் ஒருவர். இதை அக்காவிடம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவாள்.

மறுநாள் பிற்பகல் கடையில் மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் முடிந்து, வலது பக்கம் தொடப்போகும் நேரத்தில், வெளியே அவர் வண்டியை யாரோ தள்ளிக்கொண்டு போவது கண்ணாடியில் தெரிந்துவிட்டது. "டேய்! டேய்!" என்று கழுத்தில் கட்டிய துணி பறக்கப் பறக்க ஓடினார். ஒரு பக்கம் ஒட்ட வெட்டியும் மறு பக்கம் புதராகவும் தெருவில் ஓடுகிற தலையைப் பார்த்து எதிர்க்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். வண்டியை நகர்த்தியவர் வழியை அடைத்திருந்ததால்தான் நகர்த்தினாராம். மருந்துக்கடைக்காரர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது சலூன்காரர் மட்டும் சிரிக்காமல், கத்திரியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

அவர் கண்ணுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடியது. அவள் படியில் உட்கார்ந்து, கோழியை மடியில் அமுக்கிக்கொண்டு, சமையலறைக் கத்திரியால் கர் கர் என்று வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இதென்ன கட்டிங்? பாக்கவே சகிக்கல. அந்தப் பக்கத்த யாரு வெட்டுவா?" என்று இவர் கேலி செய்தார்.

"உங்க கடைன்னு நெனச்சீங்களா? ரெண்டு பக்கமும் சமமா இருந்தா பறந்துடும். ஒரு பக்கம் கொறஞ்சாதான் நெதானம் தப்பும். நம்ம கூடவே கெடக்கும்."

இவர் சிரித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டை எங்கே என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். நின்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருக்கலாம். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வரும் என்று இருந்துவிட்டார்.

"மாஸ்டர், அந்தப் பக்கம்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அப்படியே உக்காருங்க. வந்துடறேன்."

"எங்க போறீங்க? மாஸ்டர்! இந்தத் தலையோட நான் எங்க போவேன்?"

சலூன்காரர் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். ஒருவர் தலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது அவருக்கு இதுதான் முதல் முறை. பாதி வழியில்தான் அது உறைத்தது. உறைத்தும் கால் நிற்கவில்லை.

வீட்டில் அக்கா தம்பி மனைவியின் துணிகளை ஒரு பெரிய பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். யாருக்கோ கொடுப்பதற்கு. நைட்டி மேலாகவே இருந்தது. அவர் அதை உருவி, சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். இந்த முறை தலை சிக்கவில்லை.

"ஐயோ, என்னடா இது கோலம்!" அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்க மறுத்தது, தோள் குலுங்கியது. பிறகு அது சிரிப்பாக இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவளும் பின்னாலேயே வந்து படியில் உட்கார்ந்தாள்.

மேனேஜரம்மா தானாக வந்தாள். அவர் வலது இறக்கையை விரித்து, ரத்தம் ஓடுகிற தண்டுக்கு எட்டாமல், அதை இன்னும் குறைத்தார். முடிந்ததும் கத்திரி தன்னிச்சையாக இடது பக்கம் போனது. முப்பது வருஷப் பழக்கம். அங்கே போய், வாயைத் திறந்தபடி நின்றது. அவர் அதைத் திருப்பி எடுத்தார். வாயாடிக்கும் அப்படியே போனது, அப்படியே திருப்பினார். சாம்பலையும் ஒரு பக்கம் மட்டும் வெட்டினார். "சகிக்கலடி" என்று வாய்விட்டுச் சொன்னார். "பாக்கவே சகிக்கல."

விட்டதும் மேனேஜரம்மா நேரே சுவரைப் பார்த்து எழும்பினாள். பாதி உயரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காற்றில் அரை வட்டம் அடித்து, துவைக்கிற கல்லின் மேல் தொப்பென்று விழுந்தாள். எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லையே என்பது போல நடந்தாள். மறுபடி எழும்பினாள், மறுபடி சாய்ந்தாள்.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. அக்கா தம்பியைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் குரல் வீட்டைக் கடந்து பின்பக்கம் வரை கேட்டது.

"கோழியா? இங்க கோழியெல்லாம் இல்லையேப்பா. வேற வீடா இருக்கும்."

அவள் கை இந்நேரம் காதில்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவள் விட்டுப்போன படியில் உட்கார்ந்தார். கோணல் சிறகுகளோடு மூன்றும் கிட்டே வந்தன. சாம்பல் நைட்டியின் ஓரத்தை மிதித்து, பை இருக்கும் இடத்தைக் கொத்திப் பார்த்தது. பிறகு மடியில் ஏறி, இரண்டு தரம் இடம் மாற்றி, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அமர்ந்தது. அதன் சூடு துணியைத் தாண்டி மெதுவாகத் தொடைக்கு வந்தது. அவர் வலது கையில் கத்திரி கிளிக் கிளிக் என்று காற்றை வெட்டிக்கொண்டே இருந்தது. கோழியின் கண் மேல் கீழிமை ஏறி மூடியது. கத்திரி ஒரு முறை திறந்தது, மூடவில்லை.