சம்மட்டிக்கு அஞ்சாத வண்டி

வெண்டல் ஊரில் மெத்தைக் கடை வைத்திருந்த ஹார்லன் டீடமன், துப்பாக்கிக் குண்டையே தாங்கும் என்று பேர்பெற்ற பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினான். அவனைச் சுடப் போவதாக யாரும் சொல்லியிருக்கவில்லை. மெத்தை விற்கிறவனுக்கு அப்படி என்ன பகை வந்துவிடும்? வீட்டிலிருந்து கடைக்குப் போகிற வழியில் அவனை எதிர்க்கக்கூடியது என்று பார்த்தால், ஒரு வேகத்தடையும் டோட்டியின் காப்பிக் கடை வாசலில் படுத்திருக்கும் நாயும்தான். ஆனாலும் வாங்கினான். டெக்சஸில் ஒருவன் பிக்கப் வாங்கினால் எதற்கு என்று கேட்பது நாகரிகம் இல்லை.

வண்டிக்குப் பெயின்ட் கிடையாது. மூக்கிலிருந்து வால்வரை வெறும் எவர்சில்வர் தகடு. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு மடித்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை காலையில் அதை டோட்டி கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியபோது, உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கோப்பையோடு வெளியே வந்துவிட்டார்கள்.

"பெயின்ட் இருந்தாத்தானே உரியும்? இதுல உரியறதுக்கே ஒண்ணும் இல்ல," என்றான் ஹார்லன். "துருப்பிடிக்காது. ஒடுக்கு விழாது. நான் மண்ணுக்குள்ள போன பிறகும் இது இப்படியே நிக்கும்."

அவன் மனைவி நடீனின் அண்ணன் லைல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். லைல் ஊருக்கு வெளியே ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவன். அவனுடைய பிக்கப் ஒரு காலத்தில் சிவப்பாக இருந்ததாக அவன் சொல்வான். பச்சை என்று சொல்பவர்களும் ஊரில் உண்டு.

"பெரிய பாத்திரமாத்தான் வாங்கியிருக்க மாப்ள. இதுல எத்தனை பேருக்குச் சமைக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே லைல் கதவில் கையை ஊன்றினான். எடுத்தபோது ஐந்து விரலும் முக்கால் உள்ளங்கையும் தகட்டில் அப்படியே பதிந்திருந்தன. ஹார்லன் சட்டைப் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துத் துடைத்தான். வண்டி வாங்கி முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் துணி பைக்கு வந்துவிட்டது.

"குண்டு தாங்கும்னு சொன்னியே?"

"தாங்கும்."

"கை?"

"கையும் தாங்கும் மச்சான். அடையாளம் தெரியும், அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' பெரிய சங்கதியாக வளர்ந்தது. யார் வந்து தொட்டாலும் அந்த எவர்சில்வர் மறக்காமல் வைத்துக்கொண்டது. பெட்ரோல் பங்கில் சாய்ந்தவர் முழங்கை, எட்டிப் பார்த்த பிள்ளையின் மூக்கு நுனி, தபால்காரரின் இடுப்பு, எல்லாம் அதில் இருந்தது. ஹார்லன் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை துடைத்தான். நடீன் முழங்கையால் கதவைத் திறக்கப் பழகிக்கொண்டாள்.

"என் கை அவ்வளவு அழுக்காவா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அழுக்கு இல்ல நடீன். எண்ணெய். மனுஷத் தோல்லயே ஒரு எண்ணெய் உண்டு."

"கல்யாணத்தப்ப இதைப் பத்தி நீ ஒண்ணும் சொல்லலையே."

மளிகைக் கடை வாசலில் பெரிய ஓக் மரங்கள் இரண்டு நிற்கும். எல்லாரும் அதன் கீழேதான் வண்டியை விடுவார்கள். மரம் நிறையக் கருத்த பறவைகள், கீழே அவற்றின் எச்சம். அதனால் ஹார்லன் திடலின் கடைசி மூலையில், பொட்டல் வெயிலில் நிறுத்துவான். டெக்சஸ் ஆகஸ்டில் நிழலை விட்டு வெயிலில் வண்டி நிறுத்துகிறவன் ஒன்று வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புத்தி பிசகியவனாக இருக்க வேண்டும். ஹார்லன் பிறந்தது வெண்டலில்தான். நடீன் ஐஸ்கிரீம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அத்தனை தூரம் நடந்து வந்து சேரும்போது அது பாயசமாகியிருக்கும்.

முதல் மழைக்குப் பிறகு தகட்டில் சின்னச் சின்ன ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தன. ஹார்லன் இரண்டு நாள் தூங்கவில்லை. பிறகு எங்கேயோ படித்துவிட்டு வந்து, நிம்மதியாக எல்லாருக்கும் விளக்கம் சொன்னான். அது வண்டியின் துரு இல்லை, காற்றில் வந்து ஒட்டிய இரும்புத் தூசி, தூசிதான் துருப்பிடித்திருக்கிறது என்றான்.

"அப்படின்னா என் வண்டியிலயும் துரு இல்ல மாப்ள," என்றான் லைல். "வண்டி முழுக்க தூசிதான்."

அக்டோபரில் ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் நிதி திரட்டத் திருவிழா வைப்பார்கள். பழைய கார் ஒன்றை நிறுத்திவிட்டு, நன்கொடை போடுகிறவர் கையில் சம்மட்டியைக் கொடுப்பார்கள். அடித்து நொறுக்க வேண்டியதுதான். அந்த வருஷம் காயலான் கடைக்காரர் தருவதாகச் சொன்ன காரை யாரோ விலைக்குக் கேட்டார்கள் என்று விற்றுவிட்டார். தொண்டர்களில் ஒருவனான லைல் நேராக மெத்தைக் கடைக்கு வந்தான்.

"அடி வாங்க ஒரு வண்டி வேணும் மாப்ள. உன்னுது தாங்கும்னு ஊருக்கே சொல்லி வச்சிருக்க. இல்ல, அது சும்மா பேச்சுன்னா விட்டுடு, நாங்க வேற பாத்துக்கறோம்."

அதைக் கேட்டபிறகு ஹார்லனால் சும்மா இருக்க முடியவில்லை. கண்ணாடிகளுக்கு முன்னால் பலகை கட்டி மறைத்துவிட்டு, வலது பக்கத்துக் கதவைக் காட்டிக்கொண்டு எவர்சில்வர் வண்டி திருவிழாத் திடலில் நின்றது. முதல் அடி லைல் அடித்தான். மாதா கோயில் மணி மாதிரி ஓசை எழுந்தது. கதவில் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணி வரிசையாக வந்து அடித்தது. ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பைபிள் வகுப்பு எடுக்கும் அம்மாள் ஒருவர், மனசில் யாரை நினைத்துக்கொண்டாரோ, எல்லாரையும்விட பலமாக அடித்தார். அப்போதும் ஒடுக்கு விழவில்லை. கூட்டம் கைதட்டியது. லைலே தொப்பியைக் கழற்றி, "ஒத்துக்கறேன் மாப்ள," என்றான். ஹார்லன் கூட்டத்தைப் பார்த்துக் கை அசைத்தான். ஊரில் யாரும் அவனுக்காகக் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

அடி விழுந்த இடத்தைத் தடவிப் பார்க்க எல்லாருக்கும் ஆசை வந்தது. வரிசையாக வந்து தடவினார்கள். பக்கத்திலேயே புகைபோட்ட மாட்டிறைச்சிக் கடை. வந்த கை ஒவ்வொன்றிலும் சாஸ். சந்தோஷத்தில் இருந்த ஹார்லன் யாரையும் தடுக்கவில்லை. மேற்கு வெயில் அத்தனையையும் கதவில் பக்குவமாகச் சுட்டு வைத்தது.

மறுநாள் காலை சோப்புத் தண்ணீர், கண்ணாடி துடைக்கிற திரவம், இதற்கென்றே விற்கிற களிம்பு, எல்லாம் போட்டுப் பார்த்தான். பாதிதான் போயிற்று. கடைசியில் சமையலறையிலிருந்து பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்துவந்து வட்டவட்டமாகத் தேய்த்தான். சாஸ் போயிற்று. தகட்டில் நீளவாக்கில் ஓடிய மெல்லிய கோடுகளும் கூடவே போய், தட்டு அளவுக்கு ஓர் இடம் பளபளவென்று தனியாகத் தெரிந்தது. அதைச் சுற்றியுள்ள இடத்தோடு சமன்படுத்த இன்னும் கொஞ்சம் தேய்த்தான். மதியத்துக்குள் கதவில் முழு நிலா உதித்துவிட்டது.

நடீன் வந்து பார்த்தாள். "நேத்து சம்மட்டிக்கு ஒண்ணும் ஆகலையே. இது என்ன?"

"சாஸ்."

"சாஸா?"

"சாஸும் நானும்."

அடுத்த வாரமே சான் அன்டோனியோவுக்கு ஓட்டிக்கொண்டு போனான். அங்கே வண்டிகளுக்கு மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டித் தரும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரப் பெண் நிறங்களின் மாதிரிகளை எடுத்து விரித்தாள். நீலம், கருப்பு, மணல் நிறம்.

"எவர்சில்வர் கலர் இருக்கா?" என்று கேட்டான் ஹார்லன்.

அவள் அவனைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். "எவர்சில்வர் மேல எவர்சில்வர் கலர் பிளாஸ்டிக்கா சார்?"

"ஆமா. பாத்தா வித்தியாசம் தெரியக் கூடாது."

வேலை தெரிந்தவள். வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் பிளாஸ்டிக்குக்குச் சம்மட்டியைத் தாங்குகிற வலு கிடையாது. பக்கத்து வீட்டுப் பூனை பானெட்டின் மேல் ஏறி இறங்கியதில் மூன்று கீறல். அதனால் பிளாஸ்டிக்கைக் காக்க ஓர் உறை தைத்து வாங்கினான். உறை வெயிலில் வெளுத்துவிடும் என்று வண்டியைக் கராஜுக்குள் விட்டான். உறையை அவிழ்த்துக் கட்டுவதற்கே அரை மணி ஆனதால், கடைக்குப் போக நடீனின் சின்ன காரை எடுக்க ஆரம்பித்தான். நடீன் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். வேலை நாளில் அவள் அவனைக் கடையில் இறக்கிவிட்டுப் போவாள். அவளுக்கு விடுமுறை என்றால் அவனே கார் எடுத்துக்கொள்வான்.

ஏப்ரலில் அப்படி ஒரு விடுமுறை நாள். மதியத்துக்கு மேல் வானம் பச்சையாக மாறியது. வெண்டல்காரர்களுக்கு அந்தப் பச்சை என்னவென்று தெரியும். காற்று அடங்கி, ஒரு நிமிஷம் ஊரே காதைத் தீட்டியது. பிறகு ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. முதலில் பட்டாணி, அடுத்து எலுமிச்சை, அதற்குப் பிறகு கோழிமுட்டை.

ஹார்லன் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, வாசலில் இருந்த நடீனின் கார் அடி வாங்குவதைப் பார்த்தான். மெல்லிய தகடு. ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு குழி விழுந்தது. கூரை குழிந்தது, பின் கண்ணாடி நொறுங்கிக் கொட்டியது. எந்த மழைக்கும் அஞ்சாத வண்டி ஒன்று அவனுக்குச் சொந்தமாக இருந்தது. அது கராஜுக்குள், உறைக்குள், பிளாஸ்டிக்குக்குள் பத்திரமாக இருந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதே அவனுக்கு அப்போது பெரிய துக்கமாக இருந்தது.

அப்போது தெருக்கோடியில் விளக்கு தெரிந்தது. ஆள் நடமாட்டமே இல்லாத பிரதான சாலையில், எவர்சில்வர் வண்டி வந்துகொண்டிருந்தது. உறை ஒரே ஒரு வாரில் தொங்கி, பின்னால் தரையில் இழுபட்டது. கட்டிகள் பானெட்டில் பட்டு எகிறின. நடீன் கடை முன்னால் நிறுத்தி, ஹாரனைக் கையெடுக்காமல் அடித்தாள்.

வெளியே வெறும் தலையோடு போனால் மண்டை உடையும். ஹார்லன் சுற்றுமுற்றும் பார்த்தான். தொட்டில் மெத்தை ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினான்.

"என் பேஷன்ட் ஓர்சாக் அம்மா வீட்டுலேர்ந்து போன் வந்துது, கரண்ட் இல்லையாம்," என்றாள் நடீன். "ஆக்சிஜன் மெஷின் நின்னு போச்சு. தீயணைப்பு ஆபீஸ்ல சிலிண்டர் இருக்கு. தூக்க ஆள் வேணும்."

உள்ளே தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்த மாதிரி இரைச்சல். ஹார்லன் முன் கண்ணாடி வழியே பானெட்டைப் பார்த்தான்.

"நடீன், பிளாஸ்டிக் கிழியுது."

"ஓர்சாக் அம்மாவுக்கு மூச்சு இழுக்குது."

தீயணைப்பு ஆபீஸ் வாசலில் அவன் மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இறங்கினான். சிலிண்டர்களை ஏற்றினான். ஆற்றுக்குப் போகிற சாலையில் முறிந்து கிடந்த கிளைகளின் மேலேயே நடீன் வண்டியை ஏற்றி ஓட்டினாள். ஓர்சாக் அம்மாளின் உதடு நீலம் பாரித்திருந்தது. குழாயை மூக்கில் வைத்துக் கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது. மழை விட்டதும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"என் வீட்டுக் கூரையே போச்சு. அந்தத் தகர டப்பாவுக்கு ஒண்ணும் ஆகல போலிருக்கே. யாருது தம்பி?"

"என்னுது," என்றான் ஹார்லன்.

"என்னுது," என்றாள் நடீன், அதே நேரத்தில்.

மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தபோது வண்டியில் ஓர் ஒடுக்குகூட இல்லை. பிளாஸ்டிக் மட்டும் வெயிலில் சுட்ட தோல் மாதிரி நார்நாராகத் தொங்கியது. நடீன் ஒரு முனையைப் பிடித்து இழுத்து, முழுவதையும் உரித்துக் குப்பையில் போட்டாள். கதவிலிருந்த நிலா வெளியே வந்தது. சாவியைத் தன் நர்ஸ் பையில் போட்டுக்கொண்டாள்.

"இனிமே இது எனக்கு. நீ அந்தக் காரை ஓட்டு. துடைக்கிறேன்னு கிட்ட வராத."

இப்போது அந்த வண்டியில் நடீன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகிற நோயாளிகளின் கை அடையாளம் அத்தனையும் இருக்கிறது. அவர்கள் இறங்கும்போது பிடித்துக்கொள்ள அந்தக் கதவு வசதியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். ஓக் மரத்தடியில்தான் நிற்கும். பறவைகள் அவற்றின் வேலையைச் செய்கின்றன. நடீன் எப்போதாவது தோட்டத்துக் குழாயைக் காட்டி நனைப்பாள், அவ்வளவுதான்.

ஹார்லன் உடைந்து போய்விட்டான் என்று நினைத்தால் தப்பு. இன்ஷூரன்ஸ்காரர் காரின் குழிகளை நிமிர்த்தித் தருவதாகச் சொன்னதற்கு அவன் சம்மதிக்கவில்லை. பின் கண்ணாடியை மட்டும் போட்டுக்கொண்டு டோட்டி கடை வாசலில் நிறுத்தினான்.

"கெட்டித் தகடு அடியைத் திருப்பி அனுப்பிடும்," என்று காப்பிக் கோப்பையோடு விளக்கினான். "மெல்லிசுத் தகடு வாங்கிக்கும். அன்னைக்கு வானத்திலேர்ந்து என்ன வந்துதுன்னு இதுல எழுதியிருக்கு பாருங்க. வேற எந்த வண்டி சொல்லும்?"

"இதை எவ்வளவு நேரம் சொல்லப் போற?" என்று கேட்டுக்கொண்டே லைல் பானெட்டின் மேல் உட்கார்ந்தான். டொக் என்றது. இறங்கிப் பார்த்தால் அகலமாக ஒரு புதுப் பள்ளம்.

ஹார்லன் குனிந்து அதை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு பானெட்டைத் தூக்கி நிறுத்தினான்.

"மத்ததெல்லாம் ஆலங்கட்டி போட்டது மச்சான், அது இருக்கட்டும். இது நீ உக்காந்தது. உள்ள கையை விட்டு நீயே தள்ளி எடு. மெதுவா. பக்கத்துல இருக்கற நிஜப் பள்ளம் எதுவும் கலைஞ்சிடக் கூடாது."