ஒண்ணுமில்ல

என் வீட்டுக்காரர்கிட்ட இன்னைக்கு என்ன மீன் கிடைச்சதுன்னு யார் கேட்டாலும் ஒரே பதில்தான், ஒண்ணுமில்ல. கூடை நிறைய நெத்திலி மின்னிக்கிட்டு இருக்கும், கூசாம சொல்லுவார். நிறையன்னு சொன்னா எங்க பிடிச்சேன்னு அடுத்த கேள்வி வருமாம், மறுநாள் ஊர்ப் படகெல்லாம் அங்கதான் நிக்குமாம். இவர் மட்டுமா? எங்க படகுத்துறையில பன்னெண்டு படகுக்காரங்களுக்கும் இதே பாட்டுதான்.

மூணு வருஷமா கணக்கெடுக்க வர்ற குமாஸ்தாகிட்டயும் இதையே பாடியிருக்காங்க. அந்த மனுஷனும் அப்படியே எழுதிட்டுப் போயிருக்கார். எந்தெந்த நாட்டுல சின்னப் படகு மீன் எவ்வளவு பெறும்னு இப்ப ஒரு பட்டியல் வந்திருக்கு. அதுல எங்க நாட்டுக்கான பக்கத்துல எங்க துறைக்கு நேரா பூஜ்யம். மீனே வராத துறைக்கு ஐஸ் அறை எதுக்கு, மூடுங்கன்னு உத்தரவு. ஐஸ் இல்லேன்னா பத்து மணிக்கெல்லாம் மீன் நாறிடும், அப்புறம் நான் எதைக் கூவி விக்கிறது? தலையில அடிச்சுக்கிட்டேன்.

மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல கேட்டு எழுதிக்கறேன்னு அதிகாரி வந்தார். உள்ளதைச் சொல்லுய்யான்னு இவருக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். தலையைத் தலையை ஆட்டினார்.

ஏலக்கூடத்துல அத்தனை படகுக்காரங்களும் சுத்தி நின்னாங்க. என்ன கிடைச்சதுன்னு அதிகாரி கேட்டதும் இவர் அந்தக் கூட்டத்துல நின்ன தன் தம்பியை ஓரக்கண்ணால பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார்."

காலடியில கூடை இருக்கு! எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. "முப்பத்திநாலு கிலோ நெத்திலி, எழுதுங்க சார்"னேன்.

எங்க பிடிச்சதுன்னும் எழுதணும், இல்லேன்னா கணக்கு செல்லாதுன்னார் அதிகாரி. இவர் வேண்டாம்னு கண்ணாலயே கெஞ்சினார். நான் யாரையும் பார்க்கல.

"பழைய விளக்குக்குத் தெற்கால, பாறை முடியற இடம்."

அதிகாரி பூஜ்யத்தை அடிச்சார், உத்தரவைக் கிழிச்சார். ஐஸ் அறை தப்பிச்சது.

மறுநாள் அந்தப் பாறைகிட்ட பதினொரு படகு இவருக்கு முன்னாடியே போய் நின்னுதாம், முதல் படகு என் கொழுந்தனாரோடது. இவர் கரைக்கு வந்து கூடையை என் முன்னாடி கவிழ்த்து வெச்சுட்டு உட்கார்ந்தார். குமாஸ்தா நோட்டோட வந்து கேட்டார்.

"ஒண்ணுமில்ல."

குமாஸ்தா இப்ப விவரமாயிட்டார். எழுதாம என் மூஞ்சியைப் பார்த்தார்.

"எழுதிக்கோங்க சார்"னேன். "இன்னைக்கு நிஜமாவே ஒண்ணுமில்ல."