ஜன்னல் கம்பி

எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு வருகிறவர்களுக்கு என்னைக் கண்டால் பயம். அந்தப் பயத்தை நான்தான் பாடுபட்டு வளர்த்தேன்.

ஸ்ரீகாகுளம் ஜில்லாக் கடலோரத்தில், தென்னையும் முந்திரியுமாக இருக்கிற எங்கள் பக்கத்து ஊர்களில், சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். இங்கே டாக்டராக வந்த புதிதில் ஒவ்வொரு சாவுக்கும் அழுதேன். நாலாவது வருஷத்தில் அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. இவர்களுக்குச் சிறுநீர் இறங்காது. குடித்த தண்ணீர் அப்படியே உடம்பில் தங்கி நுரையீரலுக்கு ஏறும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று தலைதலையாக அடித்துக்கொண்டாலும் கேட்கமாட்டார்கள்.

அதனால் எடை மெஷினுக்கு மேலே ஒரு கரும்பலகை மாட்டினேன். வந்ததும் எடை பார்க்க வேண்டும். ஏறியிருக்கிற கிலோதான் தங்கிய தண்ணீர். அவ்வளவைத்தான் டயாலிசிஸில் எடுப்போம். மூன்று கிலோவைத் தாண்டினால் பெயரைச் சிவப்புச் சாக்பீஸில் எழுதி, எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கு என்று வாங்குவேன். "ஏம்மா, வர்ற வழியில சமுத்திரத்தையே குடிச்சிட்டு வந்துட்டியா?" என்றால் வார்டே சிரிக்கும். ஆறு மாதத்தில் சிவப்புப் பெயர்கள் குறைந்தன. மாவட்டக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைப் பெருமையாகச் சொன்னேன்.

தவிட்டம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். செவ்வாயும் வெள்ளியும் ஒழுங்காக வருவாள்; பலகையில் அவள் பெயர் ஏறியே பல வாரம் ஆயிற்று. உதட்டில் நுரை, மூச்சு கரகரவென்று இழுத்தது. நாற்காலியோடு தூக்கி மெஷினில் வைத்தோம். நாற்காலியைக் கழித்தால் ஐம்பத்திரண்டு கிலோ.

நோட்டில் வெள்ளிக்கிழமை நாற்பத்தெட்டு என்று இருந்தது. அதிலும் இரண்டு லிட்டர் எடுத்திருக்கிறோம். இரண்டே நாளில் ஆறு கிலோ எப்படி ஏறும்? மெஷின்தான் கெட்டுவிட்டது என்று நானே ஏறிப் பார்த்தேன். என் தொப்பையைக் கிராம் குறையாமல் காட்டியது.

நாலு மணி நேரம் பக்கத்திலேயே நின்றேன். பிழைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை என் அறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். எடை மெஷின் ஜன்னலை ஒட்டி இருந்தது. ஏறுகிற ஒவ்வொருவரும், கீழே விழுந்துவிடாமல் பிடிப்பதுபோல, ஜன்னல் கம்பியைப் பிடித்தார்கள். பிடித்து உடம்பை மெல்ல மேலே இழுத்துக்கொண்டார்கள். முள் இறங்கியது; அவ்வளவு தண்ணீரை நாங்கள் எடுக்காமலே விட்டிருக்கிறோம். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் சன்னியாசி ராவ்காரு கௌரவமானவர், கம்பியைத் தொடவில்லை. கைத்தடியை ஜன்னல் கட்டையில் ஊன்றி அழுத்தினார். டெக்னீஷியன் நூகராஜு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு எழுதினான்.

அவனை உள்ளே கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவன்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"பலகை மாட்டுன மறுவாரத்துலேர்ந்து சார்."

"ஏன்யா சொல்லல? ஆள் செத்திருப்பாளே!"

"அவ்வளவு ஏமாத்துவாங்கன்னு நினைக்கல சார். ஒரு கிலோ, அரைக்கிலோன்னு நினைச்சேன். தப்புதான்." கையிலிருந்த நோட்டை மூடினான். "நீங்க திட்டறப்போ அதுங்க மூஞ்சிய நீங்க பாக்க மாட்டீங்க, பலகையத்தான் பாப்பீங்க. நான் பாக்கறேனே சார்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே தவிட்டம்மா கட்டிலுக்குப் போனேன்.

"யாரை ஏமாத்தற நீ? என்னையா? தண்ணி உள்ள தங்குனா உயிர் போயிடும்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும் டாக்டர் பாபு."

"அப்புறம்?"

அவள் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். "சாவு என்னைக்கோ வரும் பாபு. நீங்க செவ்வாயும் வெள்ளியும் வர்றீங்களே."

யாரும் சிரிக்கவில்லை. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகையை விட்டுக் கோபத்தைப் பிடித்தபோது, அதுவும் இரக்கத்தில்தான் சேர்த்தி என்று இத்தனை வருஷம் நம்பியிருக்கிறேன். இந்த ஜனங்கள் என் வாய்க்குத் தப்பிக்க உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது.

அன்று மாலை பலகையை நானே கழற்றினேன். மெஷினை அறையின் நடுவுக்கு நகர்த்தலாமா என்று நூகராஜு கேட்டான். வேண்டாம், கம்பிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றேன்.

வெள்ளிக்கிழமை தவிட்டம்மா வந்தாள். வழக்கம்போல அவள் கை கம்பிக்குப் போனது. நான் மெஷின் பக்கத்தில்தான் நின்றேன். பலகை இருந்த வெற்றுச் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையை எடுத்தாள். முள் ஐம்பதில் போய் நின்றது. நாலு கிலோ. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

எனக்கு நாக்கு அரித்தது. பொய் சொல்வானேன், சமுத்திரம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"என்ன சாப்பிட்டே?" என்றேன்.

"சத்தன்னம் பாபு. பழைய சோத்துத் தண்ணி. கருவாட்டோட. கொட்டை வறுக்கிற சூடு, தாங்கல." கண்ணைத் திறக்கவே இல்லை.

"நல்லா இருந்துச்சா?"

கண்ணைத் திறந்தாள். நான் கிண்டல் செய்கிறேனா என்று வெகுநேரம் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருந்துச்சு பாபு" என்றாள்.

"சரி. நேரத்தக் கூட்டி இன்னைக்கு மூணு எடுப்போம், மிச்சத்துக்கு நாளைக்கு வா. அடுத்த தடவை சோத்தைப் பிழிஞ்சு சாப்பிடு, தண்ணிய விட்டுடு. கருவாடு வேணாம், உப்பு தாகத்தக் கிளப்பும்."

நூகராஜு நோட்டில் ஐம்பது என்று எழுதினான்.

அவளுக்கு அடுத்து நின்ற போஸ்ட்மாஸ்டர் கைத்தடியை அவனிடம் கொடுத்துவிட்டு, தள்ளாடிக்கொண்டே மெஷினில் ஏறினார்.