இடது கையில் ஒரு டிக்கெட்

ஒன்பது வயதுவரை என் மகள் தெனி வாய்திறந்து எதையும் கேட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃபிரிட்ஜ் முன்னால் நிறுத்துவாள். மற்றதையெல்லாம் நானே ஊகித்துக்கொள்ள வேண்டும். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஊகிப்பதுதான் என் முழுநேர வேலை, வங்கி வேலை அதற்கு அப்புறம்தான். போன மழைக்காலத்தில் எங்கள் இபாதான் நகரத்து ரிங் ரோட்டில் வந்துகொண்டிருந்தபோது, மரங்களுக்கு மேலே தெரிந்த பூங்கா ராட்டினத்தைப் பார்த்து அவள், "மேல போகணும்" என்றாள். அப்படியே பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த மினிபஸ்காரன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனான். அன்றைக்கு அந்தத் திட்டுகூட எனக்கு இனித்தது.

என் கணவர் அக்கினுக்குக் கடல் நடுவே எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை. தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும் அவளை ராட்டினத்தில் ஏற்றிவிடு என்றார். பிறகு, "போட்டோவெல்லாம் வேணாம் மொரெனிக்கே. போனைத் தூக்கினாலே அவ கண்ணை மூடிக்குவா. மேல போறப்ப அவ முகத்தை நல்லா பாரு. பாத்துட்டு எனக்குச் சொல்லு, போதும்" என்றார். எனக்கும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. தான் கேட்டது கிடைக்கும்போது என் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவள்தான் எதையும் கேட்டதே இல்லையே.

வீட்டிலேயே ஒத்திகை தொடங்கினோம். பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அதுதான் கியூ என்றேன். சமையலறை வாசலில் நான் டிக்கெட் வாங்குகிறவளாக நின்றேன். வரிசையில் நிற்பது, டிக்கெட்டைக் கொடுப்பது, உட்காருவது, முடிந்தது என்று சொல்லி இறங்குவது. அட்டைத் துண்டுதான் டிக்கெட். முதலில் அதைக் கடித்துத் துப்பினாள். அப்புறம் விசிறி எறிந்தாள். எத்தனையோ வாரம் கழித்து ஒரு நாள் நான் எதிரே நின்று வலது கையை நீட்ட, கண்ணாடியில் தெரிகிற உருவம் மாதிரி அவள் இடது கையை நீட்டி அட்டையை என் உள்ளங்கையில் வைத்தாள். இடது கையால் கொடுத்தால் எங்கள் ஊரில் பிச்சைக்காரன்கூட வாங்க மாட்டான். அது எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் வாராது வந்ததைத் திருத்தப் போய், இருப்பதும் போய்விட்டால் யார் பொறுப்பு? வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து இடது கை என்பது சட்டமாகிவிட்டது.

கூட்டம் இருக்காது என்று வியாழக்கிழமையாகப் பார்த்து லீவு போட்டேன். நான் போன நேரத்தில் பூங்கா வாசலில் மூன்று பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வந்து நின்றன. என் ராசி அப்படி. ராட்டினத்துக்குத் தனி வரிசை ஏதாவது உண்டா, குழந்தையால் அதிக நேரம் நிற்க முடியாது என்று டிக்கெட் கவுண்டர் பெண்ணிடம் விளக்கினேன். எட்டி என் காலடியைப் பார்த்தாள். "வீல்சேர் எங்க?" என்றாள். வீல்சேர் இல்லை என்றேன். அப்படியென்றால் பொது வரிசைதான் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

தெனியின் காதில் அவள் அப்பா எண்ணெய்க் கிணற்று மேடையில் போடுகிற ஆரஞ்சு நிறக் காதடைப்பான். அதை நெருக்கிப் பிடித்தபடி, டிக்கெட்டை இடது கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். நின்றாள் என்றால் நிஜமாகவே நின்றாள். பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் பிள்ளைகள் அத்தனை பேரையும் எங்களுக்கு முன்னால் நுழைத்தபோதும் நின்றாள். நான் கேட்டதற்கு, பேருந்து காத்திருக்கிறது என்று ஏதோ அமைச்சர் காத்திருப்பது மாதிரி பதில் சொன்னார். பாதி வழியில் மின்சாரம் போனது. ஜெனரேட்டரைப் போடலாம் என்றால் டீசல் இல்லை, டீசல் வாங்கப் போனவன் திரும்பவில்லை. உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கே தரையில் உருண்டு கத்தலாம் போலிருந்தது, ஆனால் என் பிள்ளை நின்றாள். இதைப் பார்க்க அக்கின் இல்லையே என்றிருந்தது.

எங்களுக்குப் பின்னால் நின்ற அம்மாள் தெனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பளபளவென்று தலைத்துணி கட்டியிருந்தார், பக்கத்தில் பேரப்பிள்ளைகள் இரண்டு. என்ன குறை என்று கேட்டார், சொன்னேன். அவருடைய சபைப் போதகர் இது மாதிரி எத்தனையோ பேருக்கு ஜெபித்த எண்ணெய் தடவிக் குணப்படுத்தியிருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். இந்த எண்ணெயை வாரத்துக்கு ஒருவராவது என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். இதுவரை சொன்னதையெல்லாம் தடவியிருந்தால் தெனியைப் பிடித்து நிறுத்தவே முடியாது, வழுக்கிக்கொண்டு போய்விடுவாள்.

கடைசியில் டீசல் வந்தது, ராட்டினம் சுற்றியது, வரிசை நகர்ந்தது. ராட்டின வாசலில் டிக்கெட் வாங்குகிறவர் வயதானவர். எல்லோரும் அவரைப் பாபா ரஷீதி என்று கூப்பிட்டார்கள். வெள்ளைத் தொப்பி, கையில் ஜெபமாலை. ராட்டினத்தை ஓட்டுகிற விசையும் அவர் பக்கத்திலேயே இருந்தது. எங்களுக்கு முன்னால் போன பிள்ளைகள் முறைப்படி பையன்கள் குனிந்தும் பெண்பிள்ளைகள் முழங்காலை மடக்கியும் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். அவர் ஒவ்வொருவரையும் ஆசீர்வதித்து உள்ளே விட்டார்.

தெனி வணங்கவில்லை. நேரே போய் இடது கையை நீட்டினாள்.

பாபா தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அந்தக் கையில நான் வாங்க மாட்டேன். வலது கையில குடுக்கச் சொல்லும்மா."

அவளுக்கு அது புரியாது, நோய் மாதிரி ஒன்று, அவமரியாதை இல்லை என்று தணிந்த குரலில் சொன்னேன். அவர் குரலும் உயரவில்லை.

"புரியற மாதிரி வீட்டுல சொல்லிக் குடுத்தா புரியும். என் பேத்தி இவளவிடச் சின்னவ."

பின்னால் வரிசை முனக ஆரம்பித்தது. எனக்குப் பதற்றம். தெனியின் கையிலிருந்த டிக்கெட்டை வெடுக்கென்று பிடுங்கி என் வலது கையால் அவரிடம் நீட்டினேன். செய்யவே கூடாததைச் செய்துவிட்டேன். டிக்கெட் கொடுப்பது அவள் வேலை. தெனி வீறிட்டாள். காதடைப்பான் ஒரு பக்கம் தெறித்து விழ, சிமெண்டுத் தரையில் தலையை முட்ட ஆரம்பித்தாள். நான் அவள்மேல் விழுந்து, என் முழு எடையாலும் அழுத்திக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு அதுதான் அடங்கும் வழி. பார்க்கிறவர்களுக்கு நான் குழந்தையை நசுக்குவதாகத் தெரிந்திருக்கும்.

இரண்டு அறை விட்டால் தானாகச் சரியாகும் என்றார் அந்தப் பள்ளி ஆசிரியர். இப்படிப்பட்ட பிள்ளையை ஏன் வெளியே கூட்டி வருகிறார்கள் என்றது இன்னொரு குரல். தலைத்துணி அம்மாள் குனிந்து மறுபடி எண்ணெயைப் பற்றி ஆரம்பித்தார். தரையில் கிடந்தபடியே அண்ணாந்து பார்த்து, "அந்த எண்ணெயை உங்க தலையில தடவிக்கோங்கம்மா" என்றேன். என் அம்மா வயதுப் பெண்ணிடம் அப்படிப் பேசினேன். துளிகூட வருத்தமில்லை.

வெகுநேரம் கழித்து தெனி அடங்கினாள். எழுந்தாள். காதடைப்பானை எடுத்து மாட்டிக்கொண்டு, என் கையிலிருந்து விழுந்து கிடந்த டிக்கெட்டைப் பொறுக்கினாள். அவள் வாசலுக்குப் போவாள் என்று பார்த்தால், திரும்பி விறுவிறுவென்று வரிசையின் வால் பக்கம் நடந்தாள். அறுந்துபோனதை நடுவிலிருந்து தொடர அவளுக்குத் தெரியாது, ஆரம்பத்திலிருந்துதான் வரவேண்டும். முன்னால் வந்துவிடுங்கள் என்று இப்போது இரண்டு மூன்று பேர் வழிவிட்டார்கள். தேவைப்பட்டபோது ஒருவரும் விடவில்லை, விட்டபோது எங்களுக்குப் பயன்படவில்லை. மறுபடியும் அதே வெயில், அதே வரிசை.

ஒவ்வொரு அடி நகரும்போதும் எனக்குள் ஏதோ கொதித்து மேலே வந்தது. வாசலில் அதே ஆள், அதே கைதான் இருக்கப்போகிறது. இன்னொரு முறை அறுந்தால் அவள் வாழ்க்கையில் இனி எதையும் கேட்க மாட்டாள் என்று பயந்தேன். எங்கள் முறை வர இரண்டு பேர் பாக்கி இருக்கும்போது முடிவுக்கு வந்துவிட்டேன். தெனிக்கு முன்னால் போய், யாரோ கொட்டிய செம்பருத்திப் பானம் பிசுபிசுத்துக் கிடந்த தரையில், பாபாவின் காலடியில் இரண்டு முழங்காலையும் ஊன்றினேன். என் வங்கியில் பதினொரு பேர் எனக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்கிறவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு மாமனாருக்குக்கூட நான் ஒரு முழங்காலோடு நிறுத்திக்கொண்டவள்.

பாபா பதறிப்போனார். "எந்திரிம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"அவளுக்குச் சேர்த்து நான் வணங்குறேன் பாபா. அவளுக்குச் சேர்த்து நானே மன்னிப்பும் கேட்டுக்கறேன். அவ எந்தக் கையில குடுத்தாலும் வாங்கிக்கோங்க. நீங்க வாங்கினாத்தான் எந்திரிப்பேன்."

தெனி வந்தாள். இடது கை நீண்டது. பாபா உதட்டுக்குள் என்னவோ முணுமுணுத்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, எச்சிலைத் தொடுவது போல இரண்டு விரலால் டிக்கெட்டை எடுத்தார். அந்த இரண்டு விரலைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் பொறுமையும் போயிற்று.

பெட்டியில் ஏறினோம். தெனி எனக்கு எதிரே உட்கார்ந்தாள், கம்பியைப் போட்டார்கள், ராட்டினம் கிளம்பியது.

கிளம்பியதுமே நான் மனதுக்குள் புகார் எழுத ஆரம்பித்துவிட்டேன். பூங்கா மேலாளருக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று. அந்த வீல்சேர் கேட்ட பெண்ணை விடக்கூடாது. ஆசிரியர் எந்தப் பள்ளி என்று பேருந்தில் எழுதியிருக்கும், இறங்கியதும் பார்க்க வேண்டும். முழங்காலிலும் பாவாடையிலும் சிவப்புக் கறை, அதை விரலால் சுரண்டினேன். என் பேத்தி இவளைவிடச் சின்னவள் என்றாரே, அதற்கு அங்கேயே என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பது இப்போதுதான் வரிசை வரிசையாகத் தோன்றியது. ஒவ்வொரு சுற்றிலும் பெட்டி கீழே வந்து விசையைத் தாண்டும்போதெல்லாம், அங்கே நின்ற பாபாவை எரித்துவிடுவது போல முறைத்தேன். அவர் என்னைப் பார்த்ததாகவே தெரியவில்லை. அதற்கும் சேர்த்து முறைத்தேன்.

பெட்டி நின்றது.

"முடிஞ்சுது" என்றாள் தெனி. ஒத்திகையில் சொன்ன மாதிரியே, அதே தொனியில். நிமிர்ந்து பார்த்தேன். எப்போதும் இருக்கிற முகம். காதடைப்பானைச் சரிசெய்துகொண்டு இறங்கிவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் எதிரேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு சுற்றுகூட நான் அவளைப் பார்க்கவில்லை.

இன்னொரு டிக்கெட் வாங்குகிறேன், இன்னொரு தடவை போகலாம் என்று அவள் முன்னால் உட்கார்ந்து கெஞ்சினேன். "முடிஞ்சுது" என்றாள். அவள் முடிந்தது என்றால் முடிந்ததுதான். தலையெல்லாம் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து வெளியே வந்து அப்படியே பள்ளிக்குக் கிளம்பியவள் அவள்.

பூங்கா வாசலை நோக்கி நடந்தபோது பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பாபா ரஷீதி. விசையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி மூச்சு வாங்க வந்தார். சண்டைக்குத் தயாரானேன். சண்டையாவது மிஞ்சட்டும் என்றிருந்தது.

"மனசுல வச்சுக்காதம்மா" என்றார். "எனக்குத் தெரியல. ஒவ்வொரு தடவையும் கீழ வந்து மேல ஏறுறப்ப இந்தப் புள்ள வாயத் தொறந்துக்கிட்டு, காத்தக் குடிக்கிற மாதிரி சிரிச்சுது. சத்தமே இல்ல. நான் பாத்துக்கிட்டே இருந்துட்டு இன்னொரு சுத்து கூடவே விட்டுட்டேன். நீ பாத்தியாம்மா?"

"பாத்தேன்" என்றேன்.

அவர் தெனியின் தலையைத் தொடப் போய், யோசித்துக் கையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் அக்கின் கூப்பிட்டார். கடலின் இரைச்சலுக்கு நடுவே, போனாளா என்றார். போனாள் என்றேன். முகம் எப்படி இருந்தது என்று கேட்டார். பின் இருக்கையில் தெனி ஜன்னல் கண்ணாடியை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வாயத் தொறந்துக்கிட்டு, காத்தக் குடிக்கிற மாதிரி சிரிச்சா. சத்தமே இல்ல" என்றேன்.

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறார் என்று தெரிந்தது.

"அப்புறம்?" என்றார். "இன்னும் சொல்லு."

பாபா ரஷீதி அதற்குமேல் என்னிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.