ஒரு வெள்ளைக் கழுதைக்காக

கோட்டை உச்சிக்கு ஏறுவதற்குள் பயணிகளுக்கு நாக்குத் தள்ளிவிடும். அதற்குப் பிறகு நாட்டை ஆண்ட எந்த இமாம் எந்தச் சுவரைக் கட்டினார் என்று சொன்னால் எவன் கேட்பான்? பாகு சமாச்சாரம் ஒன்றுக்குத்தான் கொஞ்சம் கண்ணைத் திறப்பார்கள். பேரீச்சம்பழ மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாகு வடிப்பது, அதைக் கொதிக்கவைத்து வாசலுக்கு மேலிருக்கும் ஓட்டை வழியாக எதிரி தலையில் ஊற்றுவது என்று வழிகாட்டி ஹமூது கைகால் ஆட்டிச் சொல்லும்போது கேமராக்கள் நிமிரும்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் ஜெர்மன்காரி ஒருத்தி கேட்டாள், இவ்வளவு பலமான கோட்டை பிறகு எப்படி எதிரி கைக்குப் போனது என்று. ஹமூதுக்குத் தெரியாது. ஆனால் வழிகாட்டி வாயில் வரக்கூடாத வார்த்தை அது ஒன்றுதானே. குனிந்து நுழைகிற திட்டிவாசலை உள்ளே இருந்தவன் ஒருவன் ராத்திரியில் திறந்துவிட்டான் என்றான். எதற்காக என்றாள். ஒரு வெள்ளைக் கழுதைக்காக என்றான். எல்லோரும் சிரித்தார்கள். யார் அவன் என்று அவள் விடாமல் கேட்க, வாயில் வந்த பெயரைச் சொன்னான்: சாவிக்காரர் வீட்டு ஆள்.

அப்படி ஒரு வீடு ஊரில் இருந்தது, அதுதான் வினை. கோட்டைச் சாவியைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த வீடு. ஹமூது வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தான். நான் இங்கிலீஷில் சொல்கிறேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று அவன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். அன்று கிடைத்த கைதட்டல் அவனுக்குப் பிடித்திருந்தது, உண்மையைச் சொன்னால் அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துக்கும் சொன்னான். மற்ற வழிகாட்டிகள் காதில் வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் கூட்டத்துக்குச் சொன்னார்கள். விடுமுறைக்கு மஸ்கட்டிலிருந்து வந்தவர்களுக்கு யாரோ அதை அரபியிலும் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் அது ஹமூதின் காதுக்கே திரும்பி வந்தது. வாங்குகிறவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, தரகர்கள் ஆட்டைக் கயிற்றில் பிடித்து நடுவே சுற்றிச் சுற்றி விலை கூவுவார்கள். அந்தத் தரகர்களில் பெரிய குரல் ஸஹ்ரானுடையது. மூத்த மகன் பெயரால் எல்லோருக்கும் அவர் அபூ மாஸின். சாவிக்காரர் வீட்டின் இன்றைய தலைவர். அவர் ஒரு கொழுத்த கிடாயோடு வந்து குரலெடுத்தபோது பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்:

"அபூ மாஸின், கிடா வேணாம், வெள்ளைக் கழுதை ஏதாச்சும் இருக்கா?"

இன்னொருவன், "கழுதைய இவரு எதுக்குய்யா விக்கப்போறாரு? கோட்டையக் குடுத்துல்ல வாங்கினாங்க!" என்றான்.

வட்டமே சிரித்தது. ஸஹ்ரான் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஆட்டை இழுத்துக்கொண்டு சுற்றினார், ஆனால் கூவ வேண்டிய விலையைக் கூவ மறந்துவிட்டார். பயணிகளோடு ஓரமாக நின்றிருந்த ஹமூது அவர்கள் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

சந்தை கலைந்ததும் அவர் நேராக அவனிடம்தான் வந்தார்.

"ஹமூது, உன்கிட்ட ஒரு உதவி. நம்ம பொண்ணு ரய்யாவ மேல ரஹ்பா ஊர்ல பேசி முடிச்சிருந்தோம்ல. இப்ப நிறுத்தி வச்சிருக்காங்க. மாப்பிள்ளையோட தம்பி கோட்டைக்கு வந்திருக்கான். எவனோ இந்தக் கழுதைக் கதைய அளந்து விட்டிருக்கான்."

"யாரு... யாருன்னு தெரியுமா?"

"யாரா இருந்தா என்ன. நீ என்கூட வா. கோட்டையப் பத்தி உன்னவிடத் தெரிஞ்சவன் யாரு? வெள்ளைக்காரனே கையக் கட்டிக் கேக்கறான். அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

ஹமூது தலையாட்டினான். அவனால் வேறென்ன செய்ய முடியும்?

மறுநாள் ஹமூதின் வண்டியிலேயே மலை ஏறினார்கள். ஸஹ்ரான் இஸ்திரி போட்ட வெள்ளை அங்கியும், இடுப்பில் வெள்ளிப்பிடி வளைகத்தியுமாக மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். மடியில் அல்வாப் பாத்திரம். வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறியது. இடிந்த காவல் கோபுரத்தைத் தாண்டியதும் மலைச்சரிவில் அடுக்கடுக்காக மாதுளைத் தோட்டங்கள் வந்தன. இந்த வளைவு தாண்டியதும் சொல்லிவிடுவோம் என்று ஹமூது நினைப்பான். வளைவு போய்விடும். அடுத்த வளைவு என்பான்.

கடைசியில், "அபூ மாஸின், கதைய ஆரம்பிச்சவன் கையில கிடைச்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டான்.

ஸஹ்ரான் கொஞ்சம் யோசித்தார். "செய்யறதுக்கு என்னப்பா இருக்கு? நாங்க உனக்கு என்ன கெடுதல் செஞ்சோம்னு கேப்பேன். அவ்வளவுதான்."

ஹமூது கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டான். அடித்து நொறுக்குவேன் என்று சொல்லியிருந்தால்கூட அவனுக்குச் சொல்ல வாய் வந்திருக்கும்.

ரஹ்பாவில் மாப்பிள்ளையின் பெரியப்பா கல்ஃபான் வாசல்வரை வந்து அழைத்துப் போனார். ஒல்லியான மனிதர், எதிலும் அவசரமில்லாதவர். விருந்தறையில் சுவரோரமாக ஏழெட்டுப் பெரியவர்கள். பழம் வந்தது, பேரீச்சை வந்தது, என்ன சேதி, ஒன்றுமில்லை, எல்லாம் நலம் என்று முறைப்படி கேள்வியும் பதிலும் முடிந்தது. காபி வந்ததும் ஸஹ்ரான் கிண்ணத்தை வாங்கி, குடிக்காமல், பாயில் வைத்தார். கேட்க வந்தவன் கேட்டது கிடைக்கும்வரை குடிக்கமாட்டான்.

"சொல்லுங்க அபூ மாஸின்" என்றார் கல்ஃபான்.

"நான் சொன்னா என் வீட்டுக்காகச் சொல்றேம்பீங்க. இவன் சொல்லட்டும்."

ஹமூது தொண்டையைச் செருமினான். "பெரியவங்களே, கோட்டைய யாரும் காட்டிக் குடுத்ததா எந்தப் புத்தகத்துலயும் இல்ல."

"புத்தகத்துல இல்லாத உண்மை ஆயிரம் இருக்கு தம்பி. நெருப்பில்லாம புகையுமா? எங்க பையன் காதால கேட்டிருக்கான். எங்கேருந்து கிளம்புச்சு இது?" என்றார் கல்ஃபான்.

எல்லா முகமும் அவன் பக்கம் திரும்பியது. ஸஹ்ரானின் முகம்தான் அதிலே நம்பிக்கையோடு இருந்தது. அதைப் பார்த்தபிறகு ஹமூதால் தாங்க முடியவில்லை.

"என்கிட்டேருந்துதான்" என்றான். "நான்தான் கட்டிவிட்டேன். ஒரு ஜெர்மன்காரம்மா கேட்டாங்க, எனக்குப் பதில் தெரியல. கழுதை, வாசல், சாவிக்காரர் வீடு, எல்லாம் என் வாயில வந்தது. இவரு வீட்டாளுங்க ஒரு பாவமும் அறியாதவங்க. தப்பு பூரா என்னுது."

ஹமூதுக்கு வியர்த்துக் கொட்டியது, ஆனாலும் நெஞ்சு லேசாகிவிட்டிருந்தது. வாங்கவேண்டிய வசவை வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டான்.

கல்ஃபான் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

"பாத்தியா? வாய்ச்சொல்லை வச்சுப் பொழைக்கறவன். பத்துப் பேர் முன்னால நான் பொய்யன்னு சொல்றான். எதுக்கு? பக்கத்து வீட்டுக்காரரு மானத்துக்கு!"

"இல்ல, பெரியவரே, நிஜமாவே நான்தான்..."

"தெரியுது, தெரியுது."

"அல்லாஹ் மேல ஆணை..."

"நிறுத்து!" கல்ஃபான் கையைக் காட்டித் தடுத்தார். "ரெண்டு குடும்பத்தைச் சேத்து வைக்கச் சொல்ற பொய்க்குப் பாவம் இல்ல. ஆனா ஆணையிட்டுடாத. அது உன் தலையில விடிய வேணாம்." பிறகு ஸஹ்ரானிடம் திரும்பினார். "எந்தக் காலத்துலயோ எவனோ கதவத் தொறந்தான்னா அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? இப்படி ஒருத்தன் உங்களுக்காகத் தலை குனியறான்னா நீங்க எப்படிப்பட்டவங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? காபியக் குடிங்க. பொண்ணு எங்க பொண்ணு."

ஸஹ்ரான் கிண்ணத்தை எடுத்துக் குடித்தார். பெரியவர்கள் எழுந்து வந்து ஹமூதின் தோளைத் தட்டினார்கள். ஒருவர் அவன் நெற்றியில் முத்தமிட்டார். அந்த இடத்தை உடனே துடைத்துவிடவேண்டும்போல் இருந்தது அவனுக்கு.

இறங்கும் வழியில் ஸஹ்ரான் கல்யாணம் கூடிவந்த மனிதர் மாதிரியே இல்லை. காவல் கோபுரம் வந்ததும், சாலையைப் பார்த்தபடியே கேட்டார்:

"ஹமூது. அப்ப அது நடந்ததுதானா?"

"என்னது?"

"அது நடக்கலங்கறதுக்கு ஆதாரம் உன் கைல இருந்திருந்தா அதையே சொல்லியிருப்பியே. இல்லாததாலதானே உன் தலையில போட்டுக்கிட்ட?" அவன் பக்கம் திரும்பினார். "எந்தத் தாத்தாப்பா அது? பேரு தெரியுமா?"

ஹமூது வண்டியை ஓரமாக நிறுத்தினான். அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "அப்படி யாருமே இல்ல அபூ மாஸின். பொய். நான் கட்டின பொய். என்னைத் திட்டுங்க, அடிங்க, ஆனா நம்புங்க."

ஸஹ்ரான் ஒரு கையை விடுவித்து அவன் கன்னத்தைத் தட்டினார்.

"போதும்பா. அங்க சொன்ன வரைக்கும் சரி" என்றார். "என்கிட்டயும் எதுக்கு?"