பகல் பன்னிரண்டு மணி மஃரிப்

நாற்பது மணி நேரம் தொண்டு செய்தால் கல்லூரியில் ஒரு சான்றிதழ் தருவார்கள். நிஹால் அந்த இல்லத்துக்குப் போனது அந்தக் காகிதத்துக்காகத்தான். சேவை மனப்பான்மை, கருணை உள்ளம் என்றெல்லாம் நான் அளந்துவிட்டால் அவனே சிரிப்பான். பதினெட்டு வயது, பி.காம். முதலாண்டு, வகுப்பு மத்தியானம் ஒன்றரைக்குத்தான். காலையெல்லாம் வீட்டில் செல்போனைத் தேய்த்துக்கொண்டு கிடந்தவனை அவன் அம்மாதான் விரட்டினாள்.

இல்லம் திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற சாலையில், ஊர் முடிந்து தென்னந்தோப்பு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. முன்பு அது கல்யாண மண்டபம். மணமேடையில் இப்போது சக்கர நாற்காலிகள் நிற்கின்றன. மறதி நோய் முற்றியவர்கள் பத்தொன்பது பேர் அங்கே இருந்தார்கள். பெற்ற பிள்ளையைத் தெரியாதவர்கள், சாப்பிட்டது தெரியாதவர்கள், எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாதவர்கள். நடத்துகிறவர் மகேஸ்வரி, முன்னாள் நர்ஸ். குளிப்பாட்டுவது, தூக்குவது, துடைப்பது எல்லாம் செபஸ்தியான். நாற்பது மணி நேரம் முடிந்து, சான்றிதழும் கைக்கு வந்து, அதற்குப் பிறகும் நிஹால் தினமும் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தான். காரணம் மீரான் பாய்.

மீரான் பாய்க்கு எழுபத்தாறு வயது. பேகம்பூர்ப் பக்கம் தோல் மண்டி வைத்திருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் ஹாமித் குவைத்தில். அவர் மறந்ததை எல்லாம் சொல்லி மாளாது. மறக்காதது ஒன்றே ஒன்று, நோன்பு. தை பிறந்ததிலிருந்து அவருக்குத் தினமும் ரமலான்தான். விடியுமுன் செபஸ்தியான் எழுப்பி, "சஹர் நேரம் ஆச்சு பாய்" என்றால் இட்லியும் சர்க்கரை மாத்திரையும் மறுபேச்சில்லாமல் உள்ளே போகும். அதோடு சரி. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்கிறவரை ஒரு மடக்குத் தண்ணீர் இறங்காது. கரண்டியை வாயருகே கொண்டுபோனால் தட்டிவிடுவார்.

நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்பது அவருக்கே தெரிந்த சட்டம். தான் நோயாளி என்பதுதான் தெரியாது. இரண்டு தடவை சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தார். டாக்டர் மாத்திரையைக் குறைத்துப் பார்த்தார், மாற்றிப் பார்த்தார். கடைசியில், மத்தியானம் சாப்பிட வைக்க முடியாவிட்டால் மூக்கில் குழாய் போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"குழாயப் போட்டா புடுங்கிருவாரு தம்பி" என்றார் மகேஸ்வரி. "புடுங்காம இருக்க ரெண்டு கையையும் கட்டிலோட கட்டணும். கட்டிப்போட்ட மனுசன் எம்புட்டு நாளைக்கு இருப்பாருன்னு எனக்குத் தெரியும்."

மகேஸ்வரி செல்போனில் பாங்கு ஒலிக்கவிட்டுப் பார்த்தார். "போன்ல போட்டு யார ஏமாத்துறீங்க?" என்று பாய் கேட்டுவிட்டார். எல்லாம் போனாலும் அந்தக் காது மட்டும் போகவில்லை. அப்போதுதான் செபஸ்தியான் நிஹாலைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏப்பா, ஒனக்குச் சொல்லத் தெரியுமுல்ல?"

தெரியும். மதரசாவில் அவன் குரலுக்குப் பரிசே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நேரமில்லாத நேரத்தில் பாங்கு சொல்லலாமா? தெருப் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை வாசல்வரை போனான். கூடாது என்று சொல்லிவிட்டால் அப்புறம் பாய் கதி என்ன என்ற பயத்தில், இரண்டு தடவையும் செருப்பைக் கழற்றாமலே திரும்பி வந்தான்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு செபஸ்தியான் ஜன்னலில் நீலப் போர்வை ஒன்றைக் கட்டி அறையை இருட்டாக்கினான். நிஹால் கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே போய் நின்றான். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. காதில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பாங்கு சொன்னான். குரல் நடுங்கவில்லை.

உள்ளே வந்தால் மீரான் பாய் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலையில் தொப்பி. முன்னால் தட்டில் இரண்டு பேரீச்சம்பழமும் கிண்ணத்தில் கஞ்சியும். முதல் பழத்தை எடுத்து நிஹால் கையில் வைத்தார்.

"பாங்கு சொன்ன புள்ளைல்ல நீ? மொதல்ல நீ நோன்பு தொற."

நிஹால் வாயில் போட்டு மென்றான். அவன் தொண்டையில் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் பாய் பிஸ்மில்லா சொல்லித் தன் பழத்தை எடுத்தார். கஞ்சி முழுவதும் இறங்கியது, வழித்து நக்காத குறை. முப்பது வருஷம் பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற வரிசைக்குப் பழம் கொடுத்தவர் அவர் என்று ஹாமித் போனில் சொன்னார். வரிசையில் கடைசி ஆள் வாயில் வைத்ததைப் பார்க்காமல் அத்தா தன் பழத்தைத் தொட்டதே கிடையாது என்றார். சொல்லும்போது குவைத்தில் அந்த ஆள் அழுதது இங்கே கேட்டது.

இப்படியே இருபத்து மூன்று நாள் ஓடியது. பன்னிரண்டு மணிக்குப் போர்வை, பாங்கு, பழம், கஞ்சி. பாய் உடம்பு கொஞ்சம் தேறியது. கன்னத்தில் குழி குறைந்தது. ஒரு மனிதரின் உயிர் தன் தொண்டையில் இருக்கிறது என்று நிஹாலுக்கு உள்ளூரப் பெருமை. கூட்டாளிகளிடம் சொல்லவில்லை, ஆனால் நடையில் தெரிந்தது. 'நான் இல்லாட்டி?' என்று பஸ்ஸில் உட்கார்ந்து அவனே நினைத்துச் சிலிர்த்துக்கொள்வான். அந்த வயதுக்கு அது ஒன்றும் குற்றமில்லை.

பிறகு பிறை தெரிந்தது. நிஜ ரமலான் வந்தது.

பத்து வயதிலிருந்து ஒரு நோன்பு விட்டவனில்லை நிஹால், காய்ச்சலில்கூட. முதல் நோன்போடு இல்லத்துக்கு வந்தவன், வழக்கம்போல் பாங்கு சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். பாய் பழத்தை நீட்டினார். நீட்டிய கையைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இருபத்து மூன்று நாளும் எதையும் யோசிக்காமல் வாங்கித் தின்ற பழம் அது. பழத்தை வாங்கி, வாயருகே கொண்டுபோய், உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு சும்மா மென்றான்.

"கைய விரி" என்றார் பாய்.

விரித்தான். தோலைத் தடவியே வெள்ளாடா செம்மறியா என்று சொன்ன மனிதரிடம் இந்த வித்தையெல்லாம் பலிக்குமா?

"பக்கத்துல ஒருத்தன் நோன்போட இருக்கான். நான் எப்புடித் தொறப்பேன்?" என்று தன் பழத்தைத் தட்டில் வைத்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம்வரை ஒன்றும் இறங்கவில்லை.

இரண்டாம் நாள் நிஹால் பாங்கு சொல்லிவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டான். செபஸ்தியான் உள்ளே போய் உட்கார்ந்து, "நான் தொறந்துட்டேன் பாய், நீங்க தொறங்க" என்று ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டான். பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ சாப்புடு செபஸ்தி, ஒனக்கு என்ன? பாங்கு சொன்ன புள்ள எங்க? அவன் தொறந்தானா?"

வேறு ஆள் பிடிக்கலாமா என்று யோசித்தார்கள். ரமலான் பகலில் பாங்கும் சொல்லி, பழமும் தின்கிற ஆளை எந்த ஊரில் போய்த் தேடுவது? சாயங்காலம் நான்கு மணிக்கு மீரான் பாய் கட்டிலிலேயே சரிந்தார். உதட்டுக்குள் குளுக்கோஸைத் தடவித் தடவி, மகேஸ்வரி அவரை எழுப்பி உட்காரவைக்க முக்கால் மணி நேரம் ஆனது.

மூன்றாம் நாள் நிஹால் வந்தபோது பாயின் கை கட்டில் விளிம்பில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சர்க்கரை ஐம்பத்தெட்டு. டாக்டர் ஒரு மணிக்குக் குழாயோடு வருகிறார். கட்டிலின் இரண்டு பக்கமும் செபஸ்தியான் கிழித்து வைத்த துணிப்பட்டைகள் தொங்கின. கிழித்தவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எப்பவும்போல ஒரு தடவ பாத்துருவோம்" என்றார் மகேஸ்வரி. பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல், "நான் ஒன்கிட்ட அதக் கேக்க மாட்டேன் தம்பி. அது ஒங்க சாமி விசயம். கேக்கவே மாட்டேன்" என்றார்.

கேட்டிருந்தால்கூடத் தேவலை. முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அவன் தொட்டியருகே போய் நின்றான். வேண்டுமென்றே ஒரு நோன்பை முறித்தால் அதற்கு ஈடாகத் தொடர்ந்து அறுபது நாள் நோன்பு வைக்க வேண்டும் என்று மதரசாவில் படித்தது நினைவுக்கு வந்தது. உயிர் போகிற ஆபத்தில் முறிக்கலாம் என்றும் படித்திருக்கிறான். ஆனால் முறிக்கிறவன் ஒருவன், போகிற உயிர் இன்னொருவருடையது என்றால் அதற்கு என்ன சட்டம்? அது எந்தப் பாடத்திலும் வந்ததாக அவனுக்கு நினைவில்லை. காலையில் மூன்றரை மணிக்கு எழுந்து சோறாக்கி, 'நல்லாச் சாப்புடுப்பா, வெயில்ல போறே' என்று இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிய அம்மாவை நினைத்துக்கொண்டான். அழுகை வந்தது. அழுதுகொண்டே பாங்கு சொல்ல முடியாது என்பதால் அடக்கிக்கொண்டு சொன்னான்.

உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தான். பாய் நடுங்குகிற கையால் பழத்தை எடுத்து அவன் கையில் வைத்தார். பிடிக்க முடியாமல் ஒரு தடவை நழுவவிட்டு, மறுபடியும் எடுத்து வைத்தார்.

"தொறப்பா."

நிஹால் வாயில் போட்டான். கடித்தான். இரண்டு நாளாகத் தள்ளி வைத்த இனிப்பு நாக்கெல்லாம் பரவியது, எச்சில் ஊறியது, அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. விழுங்கினான். கதவருகே நின்ற மகேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆங்..." என்று பாயின் முகம் மலர்ந்தது. பிஸ்மில்லா சொன்னார். தன் பழத்தை எடுத்தார். உதடுவரை கொண்டுபோனார்.

போர்வை ஒரு ஓரத்தில் கொஞ்சம் நெகிழ்ந்திருந்தது. அவசரத்தில் செபஸ்தியான் சரியாக இழுத்துக் கட்டவில்லை. விரல் அகலத்துக்கு உள்ளே நுழைந்த வெயில் கட்டில் விரிப்பில் வெள்ளையாகக் கிடந்தது. பாயின் கண் அதில் போய் நின்றது. கை நின்றது. செத்த நேரம் அந்த வெளிச்சத்தையே பார்த்தார். முகத்தில் இருந்த மலர்ச்சி வடிந்து, யாரோ புது ஆளைப் பார்க்கிற மாதிரி நிஹாலைப் பார்த்தார். அவன் உதட்டோரத்தில் பழத்தின் பிசுக்கு ஒட்டியிருந்தது.

"ஏலே, யாரு வீட்டுப் புள்ளடா நீ? ரமலான் மாசத்துல, பட்டப்பகல்ல?"

"பெரியத்தா... பாங்கு... இப்பத்தானே சொன்னேன்..." என்றான் நிஹால்.

"இந்த வெயில்ல எங்கடா பாங்கு?"

அவர் கோபமாகத்தான் கேட்டார். ஆனால் பையன் கண்ணில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது. கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் பக்கமாகச் சாய்ந்தார். தட்டு கிடுகிடுத்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி சரி, அழுவாத. பசி தாங்கல, தின்னுட்ட. சின்னப்புள்ளதானே. வாயத் தொடச்சுக்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

பிறகு, தன் கையிலிருந்த பழத்தை அவன் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"இந்தா, இதையும் தின்னுக்க. எனக்கு இன்னும் நேரம் இருக்கு."