பின்பக்கம் பார்த்த ஸ்கூப்

“யாரைக் கேட்டுடா பானட்ல ஓட்டை போட்டே?” என்று அக்கா கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. “சும்மா கத்தாதக்கா, காத்து உள்ள போனாத்தான் இன்ஜின் மூச்சு விடும்” என்று தம்பி கத்தியதும் கேட்டது. அதற்கு அவள் பிக்கப் வண்டியின் முன்கண்ணாடி ஓரமாகக் குனிந்து, கையை ஓங்கிச் சொன்ன பதில் மட்டும் யாருக்கும் கேட்கவில்லை. வாய் அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் இல்லை. அன்று காலை பானட்டின் மேல் பொருத்தியிருந்த தகர ஸ்கூப் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. வண்டி ஸ்டார்ட் ஆனது. சாவி அவள் கையில் இருந்தது.

வண்டி இருபத்தாறு வருஷத்துப் பழையது. அப்பா சாகும்போது அதை இரண்டு பேருக்கும் பொதுவாக விட்டுப்போனார். இரண்டு பேரும் ஒரே ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பது என்று சொல்லாமல் போனார். திங்கள் முதல் சனி வரை அக்காவுக்கு, ஞாயிறு தம்பிக்கு என்று அவர்களாகவே பிரித்துக்கொண்டார்கள். அக்கா கண்ணாடிக்கடைக்கு ஜன்னல் கண்ணாடி ஏற்றிப் போவாள். பதினோரு வருஷத்தில் ஒரு கண்ணாடிகூட விரிசல் விட்டதில்லை என்பதை அவளே சொல்லித் தெருவுக்கு மனப்பாடம். தம்பி செல்போன் ரிப்பேர் செய்கிறவன், ஆறு நாளும் பூதக்கண்ணாடிக்குள் தலையை விட்டிருப்பவன். ஏழாம் நாள் அவனுக்குப் பெரிதாக ஏதாவது வேண்டும்.

ஸ்கூப் என்பது காற்றை அள்ளி இன்ஜினுக்குக் கொடுக்கத் திறந்த வாயோடு பானட் மேல் உட்காரும் கூடு. அதைத் தேர்ந்தெடுக்க அவன் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டான். பெண் பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு பார்ப்பதில்லை. ஒட்டிவிட்டால் போதும் என்கிற பிளாஸ்டிக் கூடு ஒன்று கடையில் இருந்தது. “அதையே ஒட்டித் தொலைடா, ஆசையும் தீரும், மழைத் தண்ணியும் உள்ள போகாது” என்றாள் அக்கா. பொம்மைக்கு மூக்கு ஒட்டுவதுபோல் இருக்கிறது என்று அவன் முகத்தைச் சுளித்தான். கடைசியில் அதே கடைக்காரர் உடைத்துப் போட்ட லாரி ஒன்றிலிருந்து கழற்றி விற்ற, ஒரு முழ உயரத் தகரக் கூட்டைக் கொண்டுவந்தான். வண்டியில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தி, அதற்கு மேலாக ரோடு தெரிகிறதா என்று பார்த்தான். நன்றாகத் தெரிந்தது. அவன் ஆறடி. அக்கா தலையணை போட்டு உட்கார்ந்து ஓட்டுகிறவள். அவளை ஒரு தடவை உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று அவனுக்கும் தோன்றவில்லை, அதைப் பொருத்த வந்த பட்டறைக்காரருக்கும் தோன்றவில்லை.

பட்டறைக்காரர் இன்னொன்றும் செய்தார். பானட்டின் கீல் துருப்பிடித்துக் கழலவில்லை. அதனால் தூக்கி நிறுத்தியபடியே வேலை பார்த்தார். நிற்கிற பானட்டில் கூட்டை வைக்கும்போது, மழை இறங்கக் கூடாதே என்கிற நல்லெண்ணத்தில், வாயைக் கீழ்ப்பக்கமாக வைத்து ஆறு போல்ட்டையும் முடுக்கிவிட்டார். பானட்டை மூடியதும் வாய் ரோட்டைப் பார்க்கவில்லை, முன்கண்ணாடி வழியாக ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்தது. பிறகு தம்பி, “இது பின்பக்கம் பாக்குற மாடல்ணே, கண்ணாடி அடியிலதான் காத்து ஜாஸ்தி” என்றான். பட்டறைக்காரரும் அப்படித்தான் நினைத்து வைத்ததாகச் சொல்லிவிட்டார். திருப்பி வைக்கச் சொல்லி அக்கா மறுநாளே போனபோது, திருப்பினால் பானட் கிழிந்துவிடும் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். தப்பை ஒப்புக்கொள்வதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் வண்டி பெட்ரோல் கேட்கவில்லை. இடது ஓரம் தெரியாமல் கழுத்தை எக்கி எக்கி ஓட்டிய அக்கா, எக்குகிற ஒவ்வொரு தடவையும் தம்பியைத் திட்டினாள். திட்டு கூட்டுக்குள் போனது, வண்டி மேடு ஏறியது. வீட்டு வாசலில் நிற்கும்போதும் விடாது. சமையலறையில் அவள் போட்ட கூச்சல் ஜன்னல் வழியாக வெளியேறி நேரே பானட்டுக்குப் போனது. சாந்தமாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது; கோபம் ஏறிய சொல் மட்டும் போய்விடும். மற்றவர்களும் முயன்று பார்த்தார்கள். தையல்காரர் மனைவி ஒரு நாள் முழுக்க வண்டிக்குப் பக்கத்தில் நின்று புருஷனைத் திட்டினாள். அத்தனையும் தையல்காரருக்குத் தெளிவாகக் கேட்டது, வண்டி ஒரு தடவை இருமியதோடு சரி. அக்காவின் கோபத்தைத்தான் அதற்குப் பிடித்தது.

தெரு அவளை மெச்ச ஆரம்பித்தது. எவ்வளவு தன்மையாக ஆகிவிட்டாள், முன்பெல்லாம் என்ன வாய் என்றார்கள். அவள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்கள். தம்பியும் பழகிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தலையணையை ஈரத்தரையில் போடுவான், கண்ணாடிக்குக் கட்டும் கயிற்றை எடுத்து ஒளித்துவைப்பான். “உனக்கெதுக்குக்கா வண்டி, மூணு சக்கர சைக்கிள் போதுமே” என்பான். அவள் ஓடிவந்து வண்டியைத் தட்டித் தட்டிக் கத்துவாள். அவன் சிரித்தபடி ஏறிப் போய்விடுவான். ஒரு வசை ஒரு மைல் என்று நண்பர்களிடம் பெருமையடித்தான்.

பெட்ரோல் குடிக்காத வண்டியை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று யாரோ சொன்ன பிறகு, ஏழு நாளும் தனக்கே வேண்டும் என்றான். வாரம் ஒரு தடவை வந்து அவளைச் சீண்டி நிரப்பிக்கொள்வதாகத் திட்டம். அதை அவன் மறைக்கவும் இல்லை. தாய்மாமன் பஞ்சாயத்துக்கு வந்தார். பேச்சு எதைப் பற்றியோ அதன் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும் என்று வண்டிக்கு அருகிலேயே நாற்காலி போடச் சொன்னார். தம்பி நிதானமாகப் பேசினான், எல்லாம் கேட்டது. அக்கா ஒன்றரை மணி நேரம் பேசினாள். கண்ணாடி வேலையைச் சொன்னாள், பதினோரு வருஷத்தைச் சொன்னாள், தலையணையைச் சொன்னாள், அழுதுகொண்டு சொன்னாள். வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டே இருந்தது. மாமா துண்டை உதறி எழுந்தார்.

“அவதான் மறுத்து ஒண்ணும் சொல்லலையேப்பா. வாயத் திறந்து வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாளா? சம்மதம்தான். வண்டி சின்னவனுக்கு.”

மறுநாள் காலை, தம்பி பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அக்கா பட்டறைக்குப் போய் யாரிடமும் கேட்காமல் பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுத்துவந்தாள். பானட்டைத் தூக்கி, அடியிலிருந்து ஆறு நட்டையும் கழற்றினாள். ஆறு துளையும் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளியில்தான் இருந்தன, எப்படித் திருப்பினாலும் பொருந்தும். கூட்டைத் திருப்பி வாயை ரோட்டுப் பக்கம் வைத்து முடுக்கினாள். பானட் கிழியவில்லை. மூடிவிட்டுத் திண்டுபோல் தலையணையை நடைப்படியில் போட்டு உட்கார்ந்தாள்.

“யாரோட உயரத்துக்குடா அளந்தே?” என்றது வண்டி, நான்கு வருஷத்துக்கு முந்தைய அவள் குரலில். முதல் நாள் கேட்காமல் போன பதில் அதுதான். பிறகு அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது, வாங்கிய வரிசை மாறாமல், மூன்று பகல். தம்பி நுரை வாயோடு ஓடிவந்து ஸ்கூப்பில் கோணிச் சாக்கை அடைத்தான். சாக்கு எதிர்வீட்டு மாடியில் போய் விழுந்தது. காதைப் பொத்தினான்; சொற்கள் கையைச் சுற்றிக்கொண்டு போயின. எட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது, எல்லாம் அவளைத் தன்மையானவள் என்று மெச்சியவர்கள் வீட்டில். அதற்கும் கண்ணாடி அவள்தான் ஏற்றிவந்து கொடுத்தாள். தெருவில் யார் யாரைப் பற்றி என்னென்ன சொல்லியிருந்தாள் என்பதை இங்கே விரிக்க வேண்டாம். பாதி உண்மை, மீதி அதைவிட உண்மை. மூன்றாம் நாள் மாமாவை வரவழைத்து, அதே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஒன்றரை மணி நேரப் பேச்சு முழுவதும் வந்தது, அழுகையோடு. முடிவில் அக்கா நடைப்படியிலிருந்து எழாமலே, “இப்ப சொல்லுங்க மாமா, நான் ஒண்ணும் சொல்லலையா?” என்றாள். அது நேராகவே கேட்டது. மாமா வண்டிக் காகிதங்களைக் கொண்டுவரச் சொன்னார்.

வண்டி இப்போது பெட்ரோலில் ஓடுகிறது. ஸ்கூப்பை அவள் தன் கண்ணுக்கு அளந்து, நான்கு விரல் உயரத்துக்கு அறுத்துவிட்டாள். ஹாரன் பழுதாகி இரண்டு வருஷம் ஆகிறது, மாற்றவில்லை, திருப்பத்தில் வரும்போது ஸ்கூப் தானாகவே “யாரைக் கேட்டுடா?” என்கிறது, ஜனம் ஒதுங்கிக்கொள்கிறது. பட்டறைக்காரர் பட்டறையை மூடிவிட்டுத் தன் மகன் வீட்டோடு போய்விட்டார். அக்கா கண்ணாடிக்கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவருக்குக் காது மந்தம் என்று தெருவில் சொன்னார்கள், அவருக்கு நன்றாகவே கேட்கும். தம்பிக்கு ஸ்கூப் விற்ற கடைக்காரரின் மகளோடு கல்யாணம் நடந்தது. அக்கா வண்டியிலேயே போய், கல்யாண வீட்டு வாசலைப் பார்த்தபடி நிறுத்திவிட்டு, நன்றாகச் சாப்பிட்டாள். மாப்பிள்ளை உட்பட எல்லாரும் அன்று மெதுவாகத்தான் பேசினார்கள். அடுத்த வாரமே அவன் மனைவியுடன் வேறு ஊருக்குக் குடிபோனான். அங்கே ஒரு கார் வாங்கியிருக்கிறானாம், பானட் மொழுமொழுவென்று இருக்கிறதாம்.